ரொட்டிக் கல்லைத் தாண்டாதே!

அத்தியாயம் 6

"இதுக்கு மேல பொம்பளைங்க வரக்கூடாது" என்று சொல்லி, ஊர்த் தலைவர் சோர்லா கைத்தடியைப் பாதைக்குக் குறுக்கே நீட்டினார்.

துப்பறிவாளர் எத்தேரி அக்கா சட்டென்று நின்றார். பின்னால் வந்த நான் அவர்மேல் மோதாமல் தப்பித்தது பெரிய விஷயம். ஆறு வருஷமாக நான் அவருக்கு வேன் ஓட்டுகிறேன், பை தூக்குகிறேன், தேவைப்பட்டால் பொய்யும் சொல்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து ‘உதவியாளன்’ என்று பெயர். இந்த ஆறு வருஷத்தில் பூட்டிய கதவு, வேட்டை நாய், பெரிய மனிதர் வீட்டுக் காவல்காரன் எதுவும் அக்காவை நிறுத்தியதில்லை. ஒரு கிழவரின் கைத்தடி நிறுத்திவிட்டது.

"திருட்டுப் போன எடம் மேலதானேங்க இருக்கு?" என்றார் அக்கா.

"ஆமா."

"அதப் பாக்காம நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது. தொள்ளாயிரம் வருஷமா எந்தப் பொம்பளையும் இந்த ரொட்டிக் கல்லத் தாண்டினதில்ல. எங்கம்மா தாண்டல, எம் பொண்டாட்டி தாண்டல. நீங்களும் தாண்ட மாட்டீங்க."

லக்மேரி என்ற இந்த மலையூரின் குன்றில் பாதி உயரத்தில் இருக்கிறது அந்த ரொட்டிக் கல். மூன்று பக்கம் சுவர், மேலே பலகைக் கல் வேய்ந்த கொட்டகை. உள்ளே ஓர் அடுப்பு, நீளமான தட்டைக் கல், சுவரில் சாய்த்து வைத்த மாவு பிசையும் மரத்தொட்டி. திருநாளில் பெண்கள் இங்கே ரொட்டி சுட்டு, ஓரத்தில் நிற்கும் ஆண்களிடம் கொடுப்பார்கள். ஆண்கள் அதை மேலே கோயிலுக்குக் கொண்டுபோய் அதிதூதரின் வெள்ளிப் பலகை முன்னால் உடைத்து வேண்டிக்கொள்வார்கள். பெண் கொட்டகைக்கு மேலே போகமாட்டாள், ஆண் கொட்டகைக்கு உள்ளே கால் வைக்கமாட்டான். அப்படி வைத்தால் அந்த வருஷம் பயிரை ஆலங்கட்டி மழை அடித்துப் போட்டுவிடும்.

"சரிங்க. நான் இங்கேயே உக்காந்துக்கிறேன். என் கண்ண மட்டும் அனுப்பலாமா?" என்றார் அக்கா.

"எந்தக் கண்ண?"

அக்கா என்னைக் காட்டினார். சோர்லா என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார்.

"எந்த ஊரு?"

"சுகுதீதி. மலைக்குக் கீழ இருக்கற கீழ்நாட்டுக்காரன், மிங்ரேலிய ஜனம்."

"பரவால்ல, ஆம்பளதானே. போகட்டும்."

இதைவிடக் குறைவான தகுதிக்கு எனக்கு இதுவரை எந்த வேலையும் கிடைத்ததில்லை.

அக்கா என் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வைத்துச் சொன்னார். "டேய் கோச்சா, உள்ள போட்டோ எடுக்க விடமாட்டாங்க. எது இருக்குன்னு பாக்காத, அத எல்லாரும் பாத்துட்டாங்க. இருக்கக் கூடாதது எது இருக்குன்னு பாரு. நேரம் இல்ல, ஓடு."

நேரம் இல்லை என்பது நிஜம். கீழே கோயில் சாவிக்காரர் பிமுர்ஸா வீட்டுக் கல்கோபுரத்தின் நிழல் வேகமாக நீண்டுகொண்டிருந்தது. அந்த நிழல் களத்து மேட்டைத் தொட்டதும் மணியடித்து ஊர் கூடும். திருட்டுப் பழி விழுந்த பிமுர்ஸா தன் வீட்டில் ஒன்பது தலைமுறையாக இருந்த கோயில் சாவியை எல்லார் முன்னாலும் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டோடு யாரும் ரொட்டி பகிரமாட்டார்கள், சாவுக்கும் போகமாட்டார்கள்.

அந்த மனிதர்தான் எங்களைப் போனில் கூப்பிட்டவர். அறுபது வயது, ஆகிருதி பெரியது, குரல் சின்னது. மேலே ஏறும்போது என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார்.

"நான் எடுக்கலைன்னு சத்தியம் பண்ணா ஊரு நம்பிடும் தம்பி. ஆனா எங்க ஊர்ல சத்தியம்னா தூதர் முன்னாலதான். அவரத்தான காணோம்? எது முன்னால நின்னு சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

கோயில் வாசலில் தர்கான் காத்திருந்தான். முப்பத்தைந்து வயது வேட்டைக்காரன், பனியில் வெந்த முகம். இரண்டாவது பூட்டின் சாவி அவனிடம் இருந்தது. கதவுக்கு இரண்டு பூட்டு, ஒன்று பிமுர்ஸாவுடையது. மற்றதன் சாவி திருநாளுக்குத் திருநாள் வீடு வீடாகச் சுற்றும், இந்தத் தடவை தர்கான் வீட்டுக்கு வந்திருக்கிறது. தனியாக யாரும் உள்ளே போகக்கூடாது என்பதற்காக முன்னோர்கள் செய்த ஏற்பாடு.

"கேட்டுக்க கீழ்நாட்டுக்காரா," என்று தர்கான் நான் கேட்காமலே ஆரம்பித்தான். "தூதரக் கொண்டு வாங்க. இந்த நிமிஷமே கைய வச்சு சத்தியம் பண்றேன். ஜோக்கியா செத்ததுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல. கயிறு பாறையில உரசி அறுந்துச்சு. நான் என்ன பண்ண முடியும்?"

"நான் ஒண்ணுமே கேக்கலியே அண்ணே."

"ஊரே கேக்குது!"

விஷயம் இதுதான். போன இலையுதிர் காலத்தில் தர்கானும் ஜோக்கியாவும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு மலையாடு வேட்டைக்குப் போனார்கள், தர்கான் மட்டும் திரும்பி வந்தான். ஜோக்கியாவின் மனைவி நனூலி, தர்கான் தூதர்மேல் சத்தியம் செய்து சொல்லட்டும் என்று கேட்டாள். செத்தவரின் முதல் வருஷ நாளுக்குள் சத்தியம் நடந்தால்தான் செல்லும், அப்புறம் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை சத்தியத்துக்காக ஊர் கூடிக் கதவைத் திறந்தார்கள். தூதரைக் காணோம்.

வருஷ நாள் நாளைக்கு.

பிமுர்ஸா ஒரு சாண் நீளச் சாவியைத் திருப்பினார், தர்கான் தன்னுடையதைத் திருப்பினான். நான் குனிந்து உள்ளே போனேன். எங்கள் வேனைவிடக் கொஞ்சம்தான் பெரிய இடம். சுவரெல்லாம் சித்திரம், புகை படிந்து பாதி முகங்கள் கறுத்துப் போயிருந்தன, மீதிப் பாதி என்னையே பார்த்தன. மூலையில் மலையாட்டுக் கொம்புகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கிழக்குச் சுவரில் ஒரு கல் மாடம். வெள்ளித் தகடு போர்த்திய தூதரின் பலகை நின்ற இடம் மட்டும் கறுக்காமல் வெளுத்திருந்தது.

"போன ஆவணியில ஒருத்தன் தலைநகரத்துலேர்ந்து கேமராவோட வந்தான்," என்றார் பிமுர்ஸா. "கோயிலப் பட்டியல்ல சேத்துக்கறோம், கூரையச் சரிபண்ணித் தர்றோம், தூதர மட்டும் கண்ணாடிப் பெட்டியில பத்திரமா வச்சுக்கறோம்னான். நான் மாட்டேன்னுட்டேன். தூதருக்கு இங்க வேலை இருக்கு தம்பி. அங்க போனா அவரு சும்மா நிக்கணும். இப்ப ஊரு என்ன சொல்லுது தெரியுமா? நான்தான் அவனுக்குக் குடுத்துட்டேனாம்."

"அவன் போனப்புறம் தூதர யாராவது பாத்தீங்களா?"

"மூணு வாரம் முன்னால திருநாளுக்கு ஊரே பாத்துச்சு. அன்னிக்கு மாடத்தத் துடைச்சுக் கும்பிட்டுக் கதவப் பூட்டினோம். அப்புறம் போன ஞாயிறுதான் திறந்தோம்."

சந்தேகப் பட்டியலிலிருந்து கேமராக்காரன் கழன்றான். நான் மாடத்துக்குக் கிட்டே போனேன். வெளுத்த இடத்தின் நடுவில் ஒரு மெழுகுவர்த்தி அடிவரை எரிந்து தட்டையாக ஒட்டிக்கிடந்தது. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று ரொட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் என் கை தன்னால் நீண்டது.

"தொடாத!" என்றான் தர்கான்.

"யாரு வச்சது?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "திருநாள் ரொட்டி. மிச்சமா இருக்கும்" என்றார் பிமுர்ஸா. வேறொன்றும் கண்ணில் படவில்லை. நான் கீழே ஓடினேன்.

கொட்டகையில் அக்கா காலை நீட்டி, மாவுத் தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் சுடச்சுடக் கறி ரொட்டி. எதிரே கறுப்பு உடையில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், நனூலிதான். இன்னொருத்தி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு கரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே கால் எடுத்து வைக்கப் போனேன்.

"வெளியவே நில்லுடா! ஆலங்கட்டி மழை பெஞ்சா யாரு பதில் சொல்றது?"

"அக்கா, பசி."

"மொதல்ல சொல்லு. அப்புறம் சோறு."

சொன்னேன். மெழுகுவர்த்தியைச் சொன்னதும் மெல்லுவதை நிறுத்தினார். ரொட்டியைச் சொன்னதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

"முழுசாவா இருந்துச்சு?"

"முழுசா. கல்லு மாதிரி காஞ்சு."

"மூணுமா?"

"மூணும். ஆளு யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுக்கா," என்றேன். "தர்கான்தான். சத்தியம் பண்ணா மாட்டுவான், அதனால தூதரத் தூக்கிட்டான். இப்ப ‘கொண்டு வா, கொண்டு வா’ன்னு மாரத் தட்டுறான். தூதர் இல்லாத வரைக்கும்தான அந்த வீரம்?"

நனூலி என்னை முறைத்தாள். "இத நான் ஒரு வாரமா சொல்றேன். அவன்கிட்ட ஒரு சாவிதான இருக்கு, இன்னொண்ணுக்கு எங்க போவான்னு கேக்கறாங்க. எம் புருஷன் எப்படிச் செத்தான்னு மட்டும் எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம். நாளைக்குப் பொழுது சாஞ்சுட்டா சாகற வரைக்கும் தெரியாமலே போயிடும்."

"அவன்மேல ஆத்திரம் இருக்கும்" என்றார் அக்கா.

"அவன்மேலதான் இருக்கு, அவன் வீட்டு மேல எனக்கு என்ன? இந்தக் கோடை முழுக்க என் புல்லு நிலத்த அறுத்துக் குடுத்தது யாரு? இதோ, இவதான். மாரேகி." நனூலி அடுப்படியைக் காட்டினாள். "தர்கானோட கூடப் பொறந்த அக்கா. சாவிக்காரர் பிமுர்ஸாவுக்கு வாக்கப்பட்டவ. நான் கேக்கவும் இல்ல. விடியறதுக்குள்ள அரிவாளோட வந்து நிப்பா. பேசவே மாட்டா."

மாரேகி திரும்பவில்லை. கரியைக் கிளறுவது மட்டும் நின்றது.

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வேனில் போகும்போது அப்படிப் பார்த்தால் பிரேக் போட வேண்டும் என்று அர்த்தம்.

"நனூலி, உனக்குப் புண்ணியமாப் போகும், மத்த பொம்பளைங்களக் கூட்டிட்டு வா. ஊர் கூடறப்ப எல்லாரும் இங்கதான நிக்கணும்?"

நனூலி இறங்கிப் போனாள். நிழல் களத்து மேட்டுக்கு ஒரு கயிற்றுத் தூரத்தில் இருந்தது.

"கோச்சா, நீ சொன்னதுல பாதி சரி. சத்தியம் நடக்கக் கூடாதுன்னுதான் தூதர எடுத்திருக்காங்க. ஆனா எடுத்தது தர்கான் இல்ல."

"ஏன்?"

"எடுத்தவங்களுக்குத் தூதர்கிட்ட அவ்வளவு பயம். எடம் இருட்டாகக் கூடாதுன்னு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போயிருக்காங்க. பசியோட இருக்கக் கூடாதுன்னு ரொட்டியும் வச்சிருக்காங்க. ஆம்பளையா இருந்தா அந்த ரொட்டிய என்ன பண்ணியிருப்பான்?"

"தின்னிருப்பான்."

"உன்னக் கேட்டதே தப்பு. உடைச்சிருப்பான்டா! ரொட்டிய உடைச்சு வேண்டிக்கிறது ஆம்பள வேலை. இங்க பொறந்த ஆம்பள எவனும் முழு ரொட்டிய அங்க வச்சிட்டு வரமாட்டான், கை தன்னால உடைச்சிடும். மேல போகக்கூடாதவங்க மேல போயிட்டாங்க, தொடக்கூடாதவரத் தொட்டுட்டாங்க. ஆனா ரொட்டிய உடைக்க மட்டும் கை வரல. அந்த ஒரு தப்பையாவது பண்ணாம இருப்போம்னு விட்டுட்டாங்க."

மிச்சம் என்று நினைத்து ஊர் ஆண்கள் அத்தனை பேரும் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்த ரொட்டி!

"பொம்பளையா?"

"ராத்திரியில ரெண்டு வீட்டுச் சாவியும் மாட்டியிருக்கற ஆணிக்குக் கேள்வி கேக்காம கை நீட்டக்கூடிய பொம்பள. புருஷன் வீடு ஒண்ணு, தம்பி வீடு ஒண்ணு." அக்கா குரலை உயர்த்தவில்லை. "இல்லியா மாரேகி?"

மாரேகி மெல்லத் திரும்பினாள். ஐம்பது வயதுக்கு மேலே. கையில் கரி, கண்ணில் ஒன்றுமில்லை.

"தூதர் இந்தக் குன்ற விட்டு எறங்கினா ஊர் அழிஞ்சிடும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"அதனால எறக்கல. ஆம்பளைங்க குன்று முழுக்க ஒரு கல்லு விடாம தேடினாங்க, அவங்க கால் வைக்காத எடம் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. நான் வந்ததுலேர்ந்து இங்க தேன்மெழுகு வாசன. தரையப் பாத்தேன், இந்தத் தொட்டி முன்னால மட்டும் சொட்டுச் சொட்டா மெழுகு. மாவுத் தொட்டிக்கு யாராவது மெழுகுவத்தி ஏத்துவாங்களா?"

அக்கா எழுந்து, அதுவரை முதுகு சாய்த்திருந்த தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரு மணி நேரமாகத் துப்பறிவாளரும் துப்பும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கிறார்கள்!

"எல்லாம் தெரிஞ்சுதான் பண்ணினியா?" என்றார் அக்கா.

"வேட்டையிலேர்ந்து வந்த அன்னிக்கே தம்பி என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். பொய்ச் சத்தியம் பண்ணா தூதர் அவன் வீட்டுல ஒரு உயிர விடமாட்டார், மூணு புள்ளைங்க இருக்கு. பண்ண மாட்டேன்னு நின்னா ஜோக்கியாவோட அண்ணன் தம்பிங்க விடமாட்டாங்க. வருஷ நாள் மட்டும் தாண்டட்டும், திரும்பக் கொண்டு வச்சிடலாம்னு நெனச்சேன். என் வீட்டுக்காரர்மேல பழி வரும்னு நெனக்கல." கரிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு நாள்தான். ஒரே ஒரு நாள்."

"அந்த ஒரு நாளுக்கு உன் புருஷன் முப்பது வருஷம் காத்த பேரக் குடுக்கணும். இப்ப மணியடிச்சிடும் மாரேகி. நான் போய்ச் சொல்லமாட்டேன். தொட்டிய நகத்தறதா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்."

என் அக்காவை எனக்குப் பிடிக்காமல் போன ஒரே நிமிஷம் அது. இந்தத் தேர்வை யாரும் யார் கையிலும் கொடுக்கக்கூடாது என்று தோன்றியது. ஓடிப்போய் நானே மணியின் நாக்கைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

மணி அடித்தது.

பெண்கள் மேலே வந்தார்கள், இருபது பேருக்குக் குறையாது. நனூலி முன்னால் வந்தாள். மேலே கோயில் முற்றத்தில் ஆண்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. பிமுர்ஸா நடுவில் நின்று கழுத்திலிருந்து சாவிக் கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய விரல்களுக்குச் சின்ன முடிச்சு அவிழவில்லை.

அந்த முடிச்சைத்தான் மாரேகி பார்த்தாள் என்று நினைக்கிறேன். விறுவிறுவென்று வந்து, இருபது பேர் பார்க்க, மாவுத் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு பக்கம் தள்ளினாள். பின்னாலிருந்த சுவர் மாடத்தில், பெண்கள் இடுப்பில் கட்டும் நீலக் கரை வைத்த முன்துணி சுற்றி, தூதர் நின்றார். கோயிலில் இருந்தது போலவே கிழக்குச் சுவரில்.

நனூலி மாரேகியைப் பார்த்தாள், அப்புறம் தூதரைப் பார்த்தாள், மறுபடி மாரேகியைப் பார்த்தாள்.

மாரேகி துணியோடு எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தாள். திருநாள் ரொட்டியைக் கொடுப்பது போலவே இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"மேல கொண்டு போ தம்பி."

எடை அதிகமில்லை. ஆனால் பத்துப் படி ஏறுவதற்குள் நான் சின்ன வயதிலிருந்து சொன்ன பொய்யெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இன்னும் இருபது படி இருந்தால் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். பிமுர்ஸா என் கையிலிருந்து வாங்கித் துணியைப் பிரித்தார். வெயில் பட்டு வெள்ளி மின்னியது. அவர் தூதரைப் பார்க்கவில்லை, தினமும் வீட்டில் பார்க்கிற ஒன்றைப் போல அந்த நீலக் கரையைப் பார்த்தார். துணியை நான்காக மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் தூதரை வாசல்படியில் நிறுத்தினார், ரொட்டிக் கல்லில் நிற்பவர்களுக்கும் தெரியும்படி.

"தர்கான்," என்றார் சோர்லா, "இந்த நிமிஷமே பண்றேன்னியே."

தர்கான் வந்தான். கையைத் தூக்கினான். கை தோள் வரைதான் வந்தது, அதற்குமேல் வரவில்லை. நான் அவ்வளவு நேரம் வெறுத்த அந்த மனிதன் முழங்காலில் விழுந்தபோது, என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை.

"கயிறு அறுந்து போகல" என்றான். "நான்தான் அறுத்தேன். அவன் கீழ தொங்கிட்டிருந்தான். இழுக்க முடியல, நானும் சரிஞ்சிட்டே இருந்தேன். கத்திய எடுத்தேன்."

கீழேயிருந்து நனூலியின் குரல் வந்தது. "அறுத்துடுன்னு அவன் சொன்னானா?"

ஒரே ஒரு ‘ஆமா’ சொன்னால் போதும், பாதி பாரம் இறங்கியிருக்கும். தர்கான் தூதரைப் பார்த்தான்.

"இல்ல. ‘விட்டுடாத’ன்னான்."

நனூலி பக்கத்திலிருந்த கல்லைப் பிடித்துக்கொண்டாள். ஜோக்கியாவின் அண்ணன் ஒருவன் முன்னால் பாய்ந்தான், சோர்லாவின் கைத்தடி அவன் மார்புக்குக் குறுக்கே போனது. "தூதர் முன்னால உண்மையச் சொன்னவன் மேல யாரும் கை வைக்கக்கூடாது. பன்னெண்டு பேர் உக்காந்து தீர்ப்புச் சொல்லுவோம். அதுவரைக்கும் அவன் என் வீட்டுல இருப்பான்." அண்ணன்காரன் மூச்சிரைக்கப் பின்வாங்கினான்.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். சோர்லா முடிக்கவில்லை.

"இன்னொண்ணு பாக்கி. தூதர எடுத்தது யாரு?" அவர் ரொட்டிக் கல் பக்கம் திரும்பினார். "உங்க கொட்டகையிலேர்ந்துதான் வந்திருக்கார். தெரியாதுன்னு சொல்லாதீங்க."

மாரேகி ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தார். பிமுர்ஸாவின் கை கோட்டின்மேல், துணி இருந்த இடத்தில் அழுந்தியது.

"மொதல்ல தூதர உள்ள வைங்க" என்றாள் நனூலி.

"என்ன?"

"ஒரு வாரமா வெளிய இருந்தவரு. உள்ள வச்சு, கதவச் சாத்துங்க. ரெண்டு பூட்டும் போடுங்க. அப்புறம் சொல்றேன்."

சோர்லா தலையசைத்தார். பிமுர்ஸா தூதரை உள்ளே கொண்டுபோய் வைத்தார். கதவு மூடியது. பெரிய பூட்டு விழுந்தது. தர்கானிடமிருந்து வாங்கிய சாவியால் சின்னப் பூட்டும் விழுந்தது. அந்தச் சத்தம் குன்று முழுக்கக் கேட்டது.

"நான்தான் எடுத்தேன்," என்றாள் நனூலி. "சத்தியம் கேட்டேன், அப்புறம் என்ன வருமோன்னு பயந்துட்டேன். எடுத்து ஒளிச்சு வச்சேன். போதுமா?"

பூட்டிய கதவைச் சோர்லா பார்த்தார். நனூலியைப் பார்த்தார். இரண்டு சாவியும் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. அங்கிருந்த நாற்பது ஆண்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"போதும்," என்றார். "பிமுர்ஸா, சாவியக் கழுத்துல மாட்டு. உன் வீட்டுலயே இருக்கட்டும்."

நான் கீழே வந்து அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு கிசுகிசுத்தேன். "அக்கா, அந்தம்மா பச்சப் பொய் சொல்றாங்க."

"எங்கடா சொன்னா? தூதர் காதுல விழாம கதவு சாத்தியிருந்துச்சே."

கொட்டகையில் பெண்கள் கலையத் தொடங்கினார்கள். மாரேகி மட்டும் நகராமல், காலி மாடத்துக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். நனூலி அவளைத் தாண்டிப் போனாள், நாலு அடி போய் நின்றாள், திரும்பவில்லை.

"நாளைக்கு அவருக்கு வருஷ நாள்," என்றாள். "நெறைய ரொட்டி சுடணும், எனக்கு ஒரு கை போதாது. விடியறதுக்குள்ள வந்துடு."

மாரேகி மூக்கைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, மாவுத் தொட்டியைக் கல்லின் நடுவுக்கு இழுத்துப் போட்டாள்.